எலிக்குப் பயந்து கட்டின ஊரு

மாப்ள, உங்கம்மாவைக் கீழ தள்ளி இடுப்பெலும்பை ஒடைக்கணும்னு நீ முடிவு பண்ணியிருந்தா, அதுக்குத் தோதா இதைவிட நல்ல ஊட்டை பிரேசர் டவுன்ல எவனும் கட்டிட முடியாது. கையைக் குடு. தரையைப் பாத்தா நம்ம மூஞ்சி தெரியுது. செவுரு வெள்ளை, கதவு வெள்ளை, கதவுக்குப் பக்கத்துல ஸ்விட்ச் போர்டு வெள்ளை. பாத்ரூமுக்குள்ள போனா தரை வெள்ளை, பக்கெட்டு வெள்ளை, கக்கூஸ் பீங்கானும் வெள்ளை. எது எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணு நல்லாருக்கிற நானே தடவிப் பாத்துத்தான் ஒக்காந்தேன். ஹாலுக்கு நடுவுல கண்ணாடி டீப்பாய் ஒன்னு போட்டிருக்கே பாரு, அதுதான் பிரமாதம். கண்ணுக்கே தெரியாத சாமானுக்குக் காசு குடுத்தவன் நம்ம வம்சத்துல நீதான் மொத ஆளு.

பொண்ணு குடுத்த மாப்பிள்ளை, ‘நீங்க’ன்னு சொல்லணும்தான். ஆனா மூக்கு ஒழுவ ஒழுவ உன்னைத் தூக்கிக்கினு மாந்தோப்பெல்லாம் திரிஞ்சவன் நான், வாயில ‘நீ’ன்னுதான் வருது. உங்கம்மா எனக்குக் கூடப் பொறந்த அக்கா. உன் பொண்டாட்டி எனக்குப் பெத்த பொண்ணு. ஆக இந்த ஊட்டுல யாரைத் திட்டுறதா இருந்தாலும் எனக்கு உரிமை இருக்குது. ஜோலார்பேட்டை வண்டி சாயங்காலம்தான், அவசரமில்ல.

“டாக்டர் கையை விரிச்சிட்டாரு மாமா, ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாரு”ன்னு போன்ல சொன்னே. மருந்தால பண்றதுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லியிருப்பாரு. ஊட்டுலயும் ஒன்னும் பண்ணாதேன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரா? அவரு கையை விரிச்ச எடத்துலதான் நீ சட்டைக் கையை மடிச்சி விடணும். நீ என்னடான்னா, “அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சி”ன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சேதி சொல்லிட்டு, டைல்ஸ் கடைக்குப் போய் இருக்கிறதுலயே பளபளப்பா எதுன்னு கேட்டு வாங்கினு வந்துட்டே.

போகல மாப்ள, கொறைஞ்சிருக்குது. அந்தச் சீட்டுல 6/18ன்னு என்னமோ போட்டிருக்குதே, அது பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு இல்ல. நல்ல கண்ணு 18 மீட்டர்ல நின்னுக்கினு படிக்கிற எழுத்தை, இவ 6 மீட்டருக்குக் கிட்ட வந்துதான் படிக்க முடியும்னு அர்த்தம். கண்ணாடி போட்டும், ரெண்டுல நல்லாருக்கிற கண்ணால பாத்தும் அதுக்குக் கீழதான் நிக்குதுன்னா, அங்கேர்ந்து 3/60 வரைக்கும் குறைபார்வைன்னு 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. எழுத்து நல்லாத் தெரிஞ்சும், சுத்துப் பார்வை சுருங்கி 40 டிகிரிக்குக் கீழ வந்து 10 டிகிரி வரைக்கும் போனா அதுவும் இதுலதான் சேத்தி. தெரியறதுக்கும் தெரியாததுக்கும் நடுவுல எத்தனை ஸ்டேஷன் இருக்குதுன்னு சர்க்காருக்கே தெரிஞ்சிருக்குது. உன் வண்டிதான் நடுவுல எங்கியும் நிக்காம ஓடுது.

உங்கம்மாவுக்கு மேக்குலா தேய்ஞ்சி போச்சின்னாங்க. விழித்திரைக்கு நட்ட நடுவுல இருக்கிற எடம் அது. எழுத்துக் கூட்டுறது, மூஞ்சியை அடையாளம் கண்டுபிடிக்கிறது, ஊசியில நூல் கோக்கிறது எல்லாம் அந்த எடத்து வேலை. நடு போயிடும், ஓரம் நிக்கும். அதனால என்னா கூத்து ஆகுது பாரு. எதிர்ல வந்து நிக்கிற சம்பந்தியை யாருன்னு தெரியல, ஆனா கட்டிலுக்குக் கீழ உருண்ட பட்டாணியைக் குனிஞ்சி எடுத்துடறா. இதைப் பாத்துட்டுப் பக்கத்து ஊட்டம்மா என் பொண்ணு காதுல ஓதியிருக்குது: “உங்க அத்தைக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது, வேலைக்குப் பயந்து நடிக்கிறாங்க.” என் பொண்ணும் அதை நம்பிட்டு ஒரு வாரம் மொறைச்சிக்கினு இருந்திருக்குது.

அப்பால என்கிட்ட வந்து, “அப்பா, அத்தை என்கிட்ட பேசுறப்பல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கினு வேற எங்கியோ பாக்குறாங்க”ன்னு மூக்கை உறிஞ்சினா. அடி பைத்தியக்காரி, உன் மூஞ்சியைப் பாக்கத்தான்டி அவ மூஞ்சியைத் திருப்புறா! நேரா பாத்தா உன் தலை இருக்கிற எடத்துல சாம்பல் நெறத்துல ஒரு மூட்டம்தான் நிக்குது. சாய்ச்சிப் பாத்தா ஓரத்துல இருக்கிற பார்வையில மூக்கும் முழியும் கொஞ்சமாவது புடிபடுது. கண்ணாஸ்பத்திரியில லோ விஷன் கிளினிக்னு ஒரு பக்கம் இருக்குமே, அங்க இதையே ஒக்கார வெச்சிப் பாடமா சொல்லித் தர்றாங்க. எங்கக்கா சொல்லாமலே கத்துக்கினா. கண்ணாலம் ஆன நாளா மாமியா மூஞ்சியைத் திருப்புறாங்கன்னு நீ சொன்ன பிராது வேற கணக்கு, அதைக் கொண்டாந்து இதுல சேக்காதே.

இன்னொரு கூட்டம் இருக்குது. ஊர்லேர்ந்து பாக்க வர்றவன் எல்லாம் வாசப்படி தாண்டுனதும் விரலை நீட்டிக்கினு, “அக்கா, இது எத்தினி சொல்லு?” வருஷம் பூரா பரீட்சை எழுதுறதுக்கு அவ என்னா டியூஷனுக்கா போறா? உள்ள வர்றப்பவே “நான்தான் சின்னவன் வந்திருக்கேன்”னு பேரைச் சொல்லிட்டு வந்தா கொறைஞ்சா போயிடுவே? எழுந்து போறப்பவும் சொல்லிட்டுப் போகணும். இல்லன்னா காலி நாற்காலிகிட்ட பேசிக்கினு இருப்பா, அதைப் பாத்து இன்னொருத்தன் புத்தி பெசகிடுச்சின்னு கௌப்பி விடுவான்.

புத்தி பெசகுறதுன்னதும் ஞாபகம் வருது. போன மாசம் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, “அம்மா செவுத்தோரமா சின்னச் சின்னக் கொழந்தைங்க வரிசையா நிக்குதுங்கன்னு சொல்றாங்க மாமா, நம்ம ஊர்லேர்ந்து மந்திரிக்கிற ஆளை அனுப்பி வெய்யி”ன்னு அழுதியே. படிச்சவன் கேக்குற கேள்வியா அது? நான் படிக்காதவன், நானே கண்ணு டாக்டரைக் கேளுன்னேன். அதுக்குச் சார்லஸ் போனே நோய்னு பேரு. 1760லயே ஜெனீவாவுல அந்த ஆளு தன் தாத்தாவுக்கு நடந்ததை எழுதி வெச்சிட்டான். தாத்தனுக்குத் தொண்ணூறு வயசு கிட்ட, கண்ணு மங்கிப் போச்சி, புத்தி கத்தி மாதிரி இருக்குது, ஆனா எதிர்ல ஆம்பளை பொம்பளை, பறவை, வண்டி எல்லாம் போவுதாம். கண்லேர்ந்து சேதி வரலன்னா மூளை சும்மா ஒக்காந்திருக்காது, தானே படம் போட்டுக்குது. அவ்வளவுதான். எங்கக்காவுக்கே தெரியும் அது நெஜமில்லன்னு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, “சத்தம் போடாத கொழந்தைங்க, உன் பசங்களுக்குத் தேவலை”ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா. நீதான் விடிய விடிய லைட்டு போட்டுக்கினு ஒக்காந்திருந்தே.

பயப்பட வேண்டியது வேற ஒன்னு இருக்குது. கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ வளைஞ்சி தெரியுதுன்னு அவ திடீர்னு சொன்னா, அன்னிக்கே ஆட்டோவைக் கூப்புடு. அது நீர் கோத்து ரத்தம் கசியற வகைக்கு அறிகுறி. அதுக்கு ஊசி இருக்குது, சீக்கிரம் போட்டாத்தான் பலிக்கும். பிசாசுக்கு ராத்திரியில முழிச்சிக்கினு இருந்தவன் இதுக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்னு தூங்கிடாதே.

சரி, ஊட்டு விஷயத்துக்கு வா. இந்த ஊரே எப்படி வந்துச்சின்னு தெரியுமா உனக்கு? மசூதி ரோட்டுல நோன்பு மாசம் எந்தக் கடையில என்னா கெடைக்கும்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவே. இதைக் கேட்டா முழிப்பே. 1898ல பெங்களூருக்குப் பிளேக் வந்துச்சி. 1809லேர்ந்து மதராஸ் பட்டாளத்தோடயும் அதுக்குப் பின்னாலயும் வந்து கன்டோன்மென்ட் தண்டுல குடியேறின ஜனங்க, நம்ம தமிழாளுங்கதான் நெறைய, சந்துக்குள்ள சந்தா நெருக்கியடிச்சிக்கினு இருந்த காலம். இருட்டு, ஓட்டைத் தரை, எலி. செத்த ஜனத்துக்குக் கணக்கில்ல. அந்த நெருக்கடியைக் கலைக்கத்தான் 1906ல இங்க அஸ்திவாரம் போட்டு, 1910 வாக்குல ஊராக்கினாங்க. அப்ப மைசூர்ல ரெசிடென்டா இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் பேரை வெச்சாங்க. ஜே. எச். ஸ்டீபன்ஸ்னு ஒரு இன்ஜினியர். நீ ஸ்கூட்டர்ல போறியே ஸ்டீபன்ஸ் ரோடு, அந்த ஸ்டீபன்ஸ்தான். எலி பூராத மாதிரி ஊடு கட்டணும், காத்தும் வெளிச்சமும் உள்ள வரணும்னு அளந்து அளந்து கட்டினான். பிளேக் அண்டாத ஊரு எப்படிக் கட்டுறதுன்னு 1914ல ஒரு புஸ்தகமே போட்டான். இப்ப இதுக்குப் புலிகேசி நகர்னு பேரு மாத்தியாச்சி, பஸ் கண்டக்டரைத் தவிர யாரும் சொல்றதில்ல, அது வேற.

நான் சொல்ல வர்றது என்னான்னா, ஒரு சுண்டெலிக்காகத் தரையை மாத்தி, செவுத்தை மாத்தி, ஜன்னலை மாத்தி, ஒரு ஊரையே மாத்திக் கட்டின எடத்துல ஒக்காந்துக்கினு, பெத்தவளுக்காக ஒரு ஸ்விட்ச் போர்டு கலரை மாத்த மாட்டேன்னு நிக்கிறே. எலிக்கு இருந்த மரியாதை எங்கக்காவுக்கு இல்ல.

கேட்டா, “மாமா, இன்டீரியர் டிசைனர் எல்லாம் மேட்சிங்கா இருக்கணும்னாரு” அப்படின்றே. அந்த மேட்சிங்குதான் சனியன். கொறஞ்ச பார்வைக்காரிக்கு ஒரு பொருள் தெரியணும்னா அது பக்கத்துல இருக்கிறதுக்கு மேட்ச் ஆவக்கூடாது. வெள்ளைச் செவுத்துல கருப்பு ஸ்விட்ச் போர்டு. வெள்ளைத் தரையில சேப்புப் பக்கெட்டு, நீல மக்கு. கக்கூஸ் பீங்கானுக்கு அடர் கலர்ல மூடி. நம்ம ஊட்டு நிலைப்படிக்கு உங்க பாட்டி வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சப் பூசுவாளே, திண்ணை ஓரத்துக்குக் காவி இழுப்பாளே. லட்சுமி வரட்டும்னு பூசுனாளா, எழுபது வயசுல தடுக்கி விழாம இருக்கட்டும்னு பூசுனாளான்னு நான் கேட்டதில்ல. ஆனா படி எங்க முடியுதுன்னு அந்திக் கருக்கல்லயும் தெரிஞ்சிது. இந்த ஊட்டுல முன்ன இருந்த செமெண்டுத் தரை, சேப்பா, வழவழன்னு இருந்தாலும் கண்ணைக் கூசாது. அதை ஒடைச்சி எறிஞ்சிட்டுத்தானே இந்தக் கண்ணாடித் தரையைப் போட்டே? ஜன்னல் வெயில் அதுல பட்டுத் தெறிக்குது. அது அவளுக்குத் தண்ணி ஊத்தினாப்ல தெரியுது. அதான் ஹாலைத் தாண்டறப்பல்லாம் பொடவையைத் தூக்கிப் புடிச்சிக்கினு போறா. அதுக்கும் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க, நான் பாத்தேன்.

இனிமே டைல்ஸை ஒடைக்க வாணாம். ஜன்னலுக்கு மெல்லிசாத் திரை போடு, வெளிச்சம் வரட்டும், கூச்சம் வர வாணாம். மாடிப்படி ஒவ்வொன்னுத்துக்கும் முனையில ரெண்டு விரக்கட அகலத்துக்கு மஞ்சக் கலர்ல, வழுக்காத டேப்பு ஒட்டு. மொதப் படியும் கடைசிப் படியும்தான் ஆளைக் கவுக்கும், அங்க மட்டும் ஒட்டாம விட்டுட்டு நடுவுல ஒட்டிட்டு வந்து நிக்காதே. கைப்புடி கம்பி கடைசிப் படியோட நின்னு போவுது பாரு, அதை இன்னும் ஒரு அடி நீட்டி விடு. கம்பி முடிஞ்சா படியும் முடிஞ்சிதுன்னுதானே கை நெனைக்கும்?

அப்பால லைட்டு. கூரையில பொத்தல் போட்டு பொத்தலுக்கு ஒன்னா பதிச்சி வெச்சிருக்கே, எண்ணிப் பாக்க எனக்குப் பொறுமையில்ல. அத்தனையும் எரிஞ்சும் அவ மாத்திரை அட்டையைப் படிக்க முடியல. ஏன் தெரியுமா? அறுபது வயசு ஆளோட கண்ணுக்குள்ள, இருபது வயசுக்காரன் கண்ணுக்குப் போற வெளிச்சத்துல மூனுல ஒரு பங்குதான் போய்ச் சேருது. எங்கக்கா அறுபதைத் தாண்டி எவ்வளவோ நாளாச்சி. அதுக்காக கூரையில இன்னும் பத்து பல்பு போடாதே, கண்ணு கூசி உள்ளதும் போயிடும். வெளக்கைக் கிட்ட கொண்டா. நாலடியில இருக்கிறதை ரெண்டடிக்குக் கொண்டாந்தா வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆவாது, நாலு மடங்கு ஆவும். கழுத்து வளையற டேபிள் லைட்டு ஒன்னு, மறைப்பு வெச்சது, பல்பு கண்ணுல படாம சாமான் மேல மட்டும் விழணும். அவ நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கட்டும். நீ அவகிட்ட பேசுறப்ப ஜன்னலை அடைச்சிக்கினு நிக்காதே, உன் மூஞ்சி கரிக்கட்டையாத்தான் தெரியும். முன்னமே கொஞ்சம் அப்படித்தான், இருந்தாலும்.

எதிர் ஊட்டுப் பெரியவரைப் பாத்துட்டு, “அவரு பேப்பர் படிக்கிறாரு, அம்மாவால முடியலையே”ன்னு கேட்டே. அவருக்குக் கிளாக்கோமா. இவளுக்கு நேர் எதிர்ப்பதம். நடு நிக்குது, ஓரம் போச்சி. பேப்பர்ல பொடி எழுத்து படிப்பாரு, கால்கிட்ட கெடக்கிற முக்காலியில மோதி விழுவாரு. அவரு ஊட்டுக்கு நடக்கிற வழி காலியா இருக்கணும், இவ ஊட்டுக்குக் கலரும் வெளிச்சமும் வேணும். ஒரே சீட்டை வெச்சி ரெண்டு பேருக்கும் மருந்து வாங்குவியா? அப்ப ஒரே வீடியோவைப் பாத்துட்டு ரெண்டு ஊட்டையும் எப்படி மாத்துவே?

இப்ப சமையக்கட்டு. இங்கதான்டா எனக்கு வயிறு எரியுது. எங்கக்கா கண்ணாலம் ஆனதுலேர்ந்து வெச்சிருந்த அடுப்படியில உப்புக்குப் பீங்கான் ஜாடி, புளிக்குப் பானை, மொளகாய்க்கு டப்பா, எண்ணைக்குக் குண்டு செம்பு, சக்கரைக்கு ஹார்லிக்ஸ் பாட்டில். இருட்டுல கையை விட்டாலும் எது எதுன்னு கைக்குத் தெரியும். நீ அதையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டு, ஒரே மாதிரி கண்ணாடி ஜாடி இருபத்தி நாலு வாங்கி வரிசையா அடுக்கியிருக்கே. மேல இங்கிலீஷ்ல, மாப்ள, எறும்பு ஊர்ந்தாப்ல எழுத்து. போன வாரம் பாயசத்துல உப்பைப் போட்டான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே. பாயசத்துல உப்புப் போட்டவ அவ இல்ல, நீ. பழைய மாதிரி வேற வேற ஜாடியா மறுபடியும் வாங்கு. முடியலன்னா உப்பு ஜாடிக்கு ரப்பர் பேண்டு ஒன்னு, சக்கரைக்கு ரெண்டு. காலைல மாத்திரை டப்பாவுக்கு ஒன்னு, ராத்திரிக்கு ரெண்டுன்னு அதையும் அப்படியே பண்ணலாம்.

அடுப்பு வாங்கியிருக்கே, தொட்டா எரியற அடுப்பு. கருப்புக் கண்ணாடி, அதுல மேடு பள்ளம் ஒன்னும் இல்ல, அதைக் கொண்டுபோய் கருப்புக் கிரானைட் மேல வெச்சிருக்கே. திருடன் வந்தாக்கூட அடுப்பு இருக்கிறது தெரியாது. திருவுற காஸ் அடுப்பே நல்லது, அணைஞ்ச நிலைக்கு நேரா மேல ஒரு புள்ளி, சிம்முக்கு ஒரு புள்ளி, தடவினாத் தெரியற மாதிரி எம்சீல் உருட்டி ஒட்டிட்டா முடிஞ்சிது. மிக்சி, வாஷிங் மெஷின், ஏசி ரிமோட்டுக்கெல்லாம் உன் பொண்டாட்டியோட ஸ்டிக்கர் பொட்டு போதும், கல்லு வெச்சதா இருந்தா விரலுக்கு இன்னும் நல்லாப் புடிபடும். வெளிநாட்டுலேர்ந்து இதுக்குன்னே தனியா ஒட்டுற புள்ளி விக்கிறாங்க, வெலையைப் பாத்தா கண்ணு இருட்டும். சிவாஜி நகர்ல பொட்டு அட்டை என்னா வெலை?

சாப்பாட்டுத் தட்டைப் பாரு. எவர்சில்வர் தட்டு, அதுல மேல இருக்கிற லைட்டு பளீர்னு அடிக்குது, அதுக்கு நடுவுல வெள்ளை இட்லி, வெள்ளைத் தேங்காச் சட்னி. பாவம், தட்டுல விரலால தொழாவிக்கினே இருந்தா. உன் பையன், “பாட்டி அசிங்கமா சாப்டுறாங்க”ன்றான். அதே இட்லியை வாழையிலையில வெச்சிக் குடுத்தேன். பச்சைமேல வெள்ளை. ரெண்டே நிமிஷம், மூனாவது இட்லி எங்கன்னு கேட்டா. தினம் எலைக்கு எங்க போறதுன்னு கேக்காதே, அடர் பச்சையிலயோ நீலத்துலயோ ஒரு தட்டு வாங்கு. ராகிக் களிக்கு வெள்ளைத் தட்டு. காப்பிக்கு உள்ள வெள்ளையா இருக்கிற கப்பு, பாலுக்கும் மோருக்கும் கருப்பு டம்ளர். எவ்வளவு ஊத்தினோம்னு அப்பத்தான் தெரியும். பையன் சாப்டுற அழகை நான் சொல்லட்டுமான்னு மட்டும் அவன்கிட்ட கேட்டு வெய்யி.

“இதெல்லாம் எதுக்கு மாமா, அம்மாவை நான் சமையக்கட்டுப் பக்கமே வுடறதில்ல, ராணி மாதிரி ஒக்கார வெச்சிருக்கேன்”னு சொல்லுவே. தெரியும். ஒக்கார வெச்சி, தட்டை மடியில வெச்சி, டீவியைப் போட்டு, ரிமோட்டை நீயே வெச்சிக்கினு, பாசம்னு பேரு. டீவிகிட்ட போய் ஒக்காந்தா கண்ணு கெட்டுடும்னு அவளைப் பின்னால இழுத்து வேற விட்டிருக்கே. கிட்ட ஒக்காந்தா ஒன்னும் கெடாது, உருவம் பெருசாத் தெரியும், அவ்வளவுதான். ஊட்டை மாத்துறது அவ சும்மா ஒக்காந்திருக்கிறதுக்கு இல்ல மாப்ள, எழுந்து வேலை செய்யறதுக்கு. கொழம்பு கொதிக்கிற சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம், வெங்காயம் செவக்கிற வாசம் இதையெல்லாம் வெச்சே நம்ம ஊட்டுல முக்காவாசி சமையல் நடந்துது. தாளிக்கிறதுக்கு முன்னால எவ கண்ணாடியைத் தேடினா?

எச்.எஸ்.ஆர். லேஅவுட்ல மித்ர ஜோதின்னு ஒரு எடம் இருக்குது. 1990ல மது சிங்கல்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது. அந்தம்மாவுக்கே கண்ணு தெரியாது. பேசுற புஸ்தகம் வெச்சிருக்காங்க, தன் வேலையைத் தானே செஞ்சிக்கிறது எப்படின்னு பழக்கி விடறாங்க. பார்வையே இல்லாத ஒருத்தி ஒரு ஸ்தாபனத்தைக் கட்டி நடத்துறா, பாதிப் பார்வை இருக்கிறவளுக்கு நீ அரிவாமனையைத் தர மாட்டேன்றே.

ஒன்னு மட்டும் என் பொண்ணுக்கும் சேத்துச் சொல்றேன். எங்கக்காவுக்குப் பாதிக் கண்ணு மூஞ்சியில இருக்குது, மீதி இந்த ஊட்டுல எது எங்க இருக்குதுன்ற ஞாபகத்துல இருக்குது. வாரத்துக்கு ஒரு தரம் சோபாவைத் திருப்பிப் போடறது, வாஸ்துன்னு பீரோவை நகத்துறது, தொடப்பத்தை இன்னிக்கு இங்க நாளைக்கு அங்க சாத்துறது, இதெல்லாம் அந்த மீதிக் கண்ணைப் புடுங்குற வேலை. எதையாவது நகத்தணும்னா அவளைக் கேட்டு நகத்து, அப்பால கையைப் புடிச்சிக் கூட்டினு போய் தொட்டுக் காட்டு. கதவு ஒன்னு முழுசாத் தொறந்திருக்கணும், இல்ல முழுசா மூடியிருக்கணும். பாதி தொறந்த கதவோட விளிம்புதான் நெத்தியைப் பதம் பாக்கும். தலைக்கு மேல இருக்கிற கபோர்டு கதவும் அப்படித்தான். அந்தத் தரை தொடைக்கிற ரோபோ ஒன்னு விட்டிருக்கியே, ஆமை மாதிரி ஊந்துக்கினு, அது அவ கால்ல ரெண்டு தரம் ஏறியிருக்குது. எங்கக்கா அதைத் தொடப்பத்தால ஒரு போடு போட்டா பாரு, அன்னிக்கு நான் சொன்னேன், இவளுக்குப் பார்வை பத்தலன்னு எவன் சொன்னான்னு.

காசு விஷயத்துல அவ உன்னைவிட உஷாரு, அதுல மூக்கை நொழைக்காதே. நூறு ரூவாயை மடிக்காம, எரநூறை ஒரு மடி, ஐநூறை ரெண்டு மடின்னு சுருக்குப் பையில வெச்சிருக்கா. ரிசர்வ் பேங்க்காரன் நோட்டு ஓரத்துல நூறுக்கு நாலு கோடு, ஐநூறுக்கு அஞ்சு கோடுன்னு தடவிப் பாக்கப் போட்டுத்தான் வெச்சிருக்கான். கை மாறி மாறித் தேய்ஞ்ச நோட்டுல அது எங்க நிக்குது? எரநூறுக்கும் ஐநூறுக்கும் நீளத்துல வித்தியாசம் 4 மில்லிமீட்டர், அதை அளக்க ஸ்கேல் வேணும். 2020ல மணின்னு ஒரு ஆப் விட்டாங்க, கேமராவுல காட்டினா எத்தினி ரூவான்னு பேசும், அதைப் போன்ல ஏத்திக் குடு. 2019ல வந்த இருபது ரூவாக் காசுக்குப் பன்னெண்டு பக்கம், அதை மட்டும் அவ தடவினதும் சொல்லிடறா. பால்காரனுக்கு, கீரைக்காரிக்கு அவளே குடுக்கட்டும். நீ பக்கத்துல நின்னுக்கினு “அம்மா அது ஐநூறு”ன்னு கத்தாதே, கீரைக்காரிக்கும் கேக்குது.

வெளிய போறதுக்கு வெள்ளைக் கோலு வாங்கினு வந்தே, எடுக்க மாட்டேன்றான்னு சொன்னே. எடுக்க மாட்டா. அதைக் கையில புடிச்சா இந்தத் தெருவே குருட்டுக் கெழவின்னு சொல்லும்னு பயம். நானும் சொல்லிப் பாத்தேன், அதை எடுத்து என் மேலயே ஓங்கினா. வற்புறுத்தாதே. கோல்ஸ் பார்க் வரைக்கும் நீ கூடப் போ. அவ உன் கையை முழங்கைக்கு மேல புடிச்சிக்கட்டும், நீ அரை அடி முன்னால நட. அவ கையைப் புடிச்சி நீ தரதரன்னு இழுத்துக்கினு போகாதே, அது போலீஸ்காரன் வேலை. நம்ம ரோட்டு ஓரத்துல கல்லு பேந்து, மரத்து வேரு எழும்பி, கேபிள் வயரு தொங்கிக்கினு கெடக்கிற அழகுக்கு ஒரு நாலு நாள் போனா, கோலு எங்கன்னு அவளே கேப்பா.

செலவு எவ்வளவுன்னு மனசுக்குள்ள கூட்டிக்கினு இருக்கியா? டேப்பு, பொட்டு அட்டை, ரப்பர் பேண்டு, ரெண்டு தட்டு, ஒரு டேபிள் லைட்டு, சேப்புப் பக்கெட்டு. அந்தக் கண்ணாடி டீப்பாயை வித்தா மீதி வரும். வாங்கறவனுக்கு மட்டும் நல்லாக் கண்ணு தெரியுதான்னு பாத்துக்கோ. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வர்றான்னியே, ஸ்விட்ச் கலரை எங்கக்காகிட்ட கேளு, டிசைனர்கிட்ட கேக்காதே. அவ கருப்பு வாணாம், ஊதாதான் வேணும்னு சொன்னா ஊதாதான். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய் நானே டேப்பு வாங்கினு வரேன், ஆயிரம் ரூவா எடு. மீதிச் சில்லறை கேக்கக்கூடாது. தங்கச்சி மவனுக்கு வீலர் ரோட்டு பேக்கரியில பன்னு வாங்கணும்.